மூன்று மணித் தண்ணீர்

மனைவி தாரிணியின் இறுதிக் காரியங்களை முடித்துவிட்டு ஹப்சிகுடா வீட்டுக்குத் திரும்பிய அன்றே ஷ்யாம் ஒரு கொலை செய்தான்.

கொசு ஒழிப்புக்காரர்கள் கேட்டில் ஒட்டிப்போன தாளில், தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்டிவிடும்படி போட்டிருந்தது. தோட்டத்துக் கொய்யா மரத்தடியில், பச்சை வலைக்குக் கீழே, தாரிணியின் குடுவைச் செடிகள் தொங்கிக்கொண்டிருந்தன. இலை நுனியில் விரல் நீளக் குடுவை, அதற்கொரு மூடி, உள்ளே பூச்சி விழுந்து சாகக் கொஞ்சம் நீர். பதினொரு குடுவைகளையும் கவிழ்த்தான். போதாதென்று தொட்டிகளில் போர்வெல் தண்ணீரையும் ஊற்றினான். சட்டத்தை மதிக்கும் குடிமகன்.

ஒரே வாரத்தில் குடுவைகள் கருகின. அப்போதுதான் நினைவு வந்தது. உப்புத் தண்ணீர் இந்தச் செடிக்கு விஷம் என்று தாரிணி நூறு முறை சொல்லியிருக்கிறாள். மழையில்லாத மாதங்களில், படுக்கையறை ஏசியின் குழாய்க்கடியில் நீல பக்கெட் வைத்து, சொட்டுகிற தண்ணீரைச் சேர்த்து ஊற்றுவாள்.

“ஏசி எனக்காக ஓடுதா, செடிக்காகவா?” என்று கேட்பான்.

“செடிக்கு. நீ ஓசில அனுபவிக்கிறே” என்பாள்.

2008 பிப்ரவரியில் ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு, அந்த பக்கெட்டுக்குப் பக்கத்தில்தான் விழுந்தாள். பத்தடி தள்ளி முன்னறையில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஆபீஸ் அழைப்பில் லண்டன்காரர்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான் ஷ்யாம். ஓடிவந்து கதவை இடித்தவர் பக்கத்து வீட்டு ஆக்னஸ் அக்கா.

அவனுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்.

“அக்கா, அவ என்னைக் கூப்பிட்டாளா?”

“நக்கோ தம்பி, வேணாம், அந்தப் பேச்சு எதுக்கு. தக்காளிப் பச்சடி அரைச்சேன், எடுத்துட்டுப் போங்க.”

ஆறு முறை கேட்டுவிட்டான். பிரிட்ஜில் ஆறு டப்பா பச்சடி.

வீட்டின் அமைதி பொறுக்காமல் நாள் முழுக்க ஹெட்போனோடு திரிந்தான். வேலை இல்லாதபோது பாட்டு. தூக்கத்திலும் பாட்டு.

ஏப்ரலில் ஒருநாள், லண்டன் அழைப்பு முடிந்து நாலு மணிக்குப் பின்பக்கம் போனவன் அப்படியே நின்றான்.

நீல பக்கெட் நிறைந்திருந்தது.

அவள் போனதிலிருந்து அந்த ஏசியை அவன் போடவில்லை. பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தான். குழாயின் வாயில் சிலந்தி வலை கட்டியிருந்தது. நாற்பது டிகிரி வெயிலில், தண்ணீருக்குள் விரலை விட்டான்.

சில்லென்று இருந்தது.

செடிகளிடம் போனான். தொட்டியில் ஈரம். புதிதாய் ஓர் இலை விட்டிருந்தது. அதன் நுனியில் கட்டைவிரல் அளவுக் குடுவை, மூடி திறந்து, விளிம்புவரை நீரோடு.

சுவரில் அவள் அடித்த ஆணியில் மக் தொங்கியது.

அதிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

‘வேலைக்கார அம்மாவாக இருக்கும்’ என்று தனக்கே சொல்லிக்கொண்டான். அந்த வீட்டில் வேலைக்கார அம்மா கிடையாது. பாத்திரம் தேய்ப்பதே அவன்தான்.

மறுநாளும் பக்கெட் நிறைந்தது. அதற்கு மறுநாளும். பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிட ஒரு வெட்கங்கெட்ட பொறாமைதான் அவனை அதிகம் அறுத்தது. வருகிறவள் செடிக்காகத்தானே வருகிறாள்.

நான்காம் நாள் மாலை ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு மதிலருகே போய் நின்றான். அந்தப் பக்கம் ஆக்னஸ் அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

“நீங்களா அக்கா செடிக்குத் தண்ணி ஊத்துறது?”

“நான் எதுக்குத் தம்பி உங்க வீட்டுக்குள்ள வரப்போறேன்.” குரல் தாழ்ந்தது. “பச்சடி இருக்கா, தீந்துருச்சா?”

“பச்சடி வேணாம் அக்கா. அன்னிக்கு அவ கூப்பிட்டாளா, இல்லியா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க. எதுவானாலும் தாங்கிக்கிறேன்.”

ஆக்னஸ் அக்கா ஈரப் புடவையை உதறாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் கிடந்த ஹெட்போனையே பார்த்தார்.

“ஹவ் தம்பி, ஆமா. கூப்பிட்டுச்சு. ‘ஷ்யாம், ஷ்யாம்’னு மூணு தடவை.”

அவன் தலையாட்டினான்.

“இன்னிக்கும் மூணு மணிக்குக் கூப்பிட்டுச்சு” என்றார் அவர், மெதுவாக. “தினம் கூப்பிடுது தம்பி. நீங்கதான் அதைக் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க.”