உள்ளிருந்து தள்ளுவது

சாயங்காலம் அவள் மூடியைத் திறந்தபோது, கண்ணாடித் தட்டத்து நீரில் கிடந்த ஜெல் தாளின் நடுவில் ஒரு புடைப்பு இருந்தது. இருந்திருக்கக் கூடாது.

ஆய்வகத்தில் அவளுக்குக் 'காகிதப் புலி' என்று பெயர். முனைவர் பட்டத்துக்காக அவள் செய்வதெல்லாம் வெறும் கணக்குதான்: மெல்லிய தாள் நீரை உறிஞ்சி எங்கே வீங்கினால் கிண்ணமாகும், எங்கே வீங்கினால் ஓரம் நெளிந்து பூவிதழாகும் என்று. அந்தக் கணக்குப்படி இந்தத் தாள் குதிரைச் சேணம்போல் வளைய வேண்டும். விடுமுறை நாள். குளிர்பதனப் பெட்டியின் முனகலும், ஈர ரப்பரோடு புளித்த பால் கலந்ததுபோன்ற வாடையும், மேசைமேல் மெல்ல நீண்டுகொண்டிருந்த ஜன்னல் கம்பிகளின் நிழலும் தவிர அறையில் வேறெதுவும் இல்லாதிருக்க, அவள் அந்தப் புடைப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது தாளின் ஓரம்வரை ஊர்ந்தது. நின்றது. திரும்பியது.

கணினியில் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். சூடு, உப்பு, அதிர்வு, எதைச் சேர்த்தாலும் அந்த வடிவம் வரவில்லை. நகத்தைவிட மெல்லிய அந்தத் தாளுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று தள்ளுவதாக வைத்தபோது மட்டும் அச்சு அசலாக வந்தது.

நெறியாளருக்குப் போன் செய்தாள். பின்தெருவில்தான் வீடு. கதவை அறைந்துகொண்டு வந்தார்.

"இத்தனை வருஷமா ஒரு தாளை ஒழுங்கா வளைக்கத் தெரியல. இப்போ பேய் வந்து வளைக்குதுன்னு சொல்ல வர்றியா?"

"உள்ள ஏதோ இருக்கு சார். கை வைக்காதீங்க."

"உன் மண்டைக்குள்ளதான் ஒண்ணுமில்ல. நாளைக்கே இந்த வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுறேன். நீ மூட்டையைக் கட்டு."

சட்டைக் கையை மடித்துவிட்டு, தாளை அமுக்கினார். அது ஈரத்துணிபோல் அவர் விரல்களைச் சுற்றிக்கொண்டது. ஒரு கணம்தான். பிறகு தளர்ந்து, சப்பென்று தட்டையானது.

"பாத்தியா? காத்துக் குமிழி. இதுக்கா லீவு நாள்ல என்னைக் கூப்பிட்ட?"

அவள் தட்டத்தைப் பார்க்கவில்லை. அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். தோலுக்கடியில் ஒரு மேடு. ஊர்ந்தது. முழங்கை மடிப்பில் கொஞ்சம் தயங்கியது. மேலே ஏறியது.

"சார்... உங்க கை..."

"நான் பேசும்போது குறுக்க பேசாத!"

அவருக்குத் தெரியவே இல்லை. சட்டைக்குள் போனது. காலருக்கு மேல் கழுத்து உப்பி அடங்கியது. அவள் பின்வாங்கினாள். முதுகில் சுவர் இடித்தது. கதவு அவருக்குப் பின்னால் இருந்தது.

திட்டிக்கொண்டே நெருங்கினார். குரல் மாறவில்லை. ஓர் எழுத்துகூடத் தடுமாறவில்லை. கன்னம் வெளியே வளைந்தது. மூக்கு அமிழ்ந்தது.

"எங்க பாக்குற? என் முகத்தைப் பாரு!"

பார்த்தாள். கண்கள் மூடவில்லை. வழுவழுத்த தோலுக்கடியில் புதைந்துகொண்டிருந்தன.

வாய் மட்டும் இருந்தது. திட்டிக்கொண்டிருந்தது.