உருண்டு வந்த மண்டையோடு

மாட்டின் கால் சேற்றில் வழுக்கியது. அவ்வளவுதான் பேச்சித்தாய்க்குத் தெரியும். மறுகணம் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் குற்றாலம் கடைவீதியின் நடுவில் சேற்றுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, அடி பட்டுச்சா?" என்று பதறியபடி ஓடிவந்தார் வண்டியை ஓட்டிவந்த அவளுடைய அப்பா இசக்கிப்பாண்டி.

"எனக்கு ஒண்ணுமில்ல ஐயா. பெட்டியப் பாருங்க!"

தென்காசி ரயில் நிலையத்தில் ஏற்றிய நீளமான மரப்பெட்டி அது. பள்ளிக்கூடத்துச் சாமான், பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தலைமை ஆசிரியர் திருநெல்வேலிக்குப் போயிருந்தார். உள்ளே என்ன இருக்கிறதென்று அவரும் சொல்லவில்லை, இசக்கிப்பாண்டியும் கேட்கவில்லை.

இப்போது பெட்டியின் மூடி பிளந்து கிடந்தது. அதிலிருந்து வெள்ளையாக, உருண்டையாக ஏதோ ஒன்று தாவிக் குதித்தது. சாரல் நனைத்த தெருவில் உருண்டு உருண்டு போய், பலாச்சுளை விற்கும் ஹாஜரா பீவியின் கூடையில் முட்டி நின்றது.

"ஆரு தேங்காய உருட்டி விடுதது?" என்று அவர் குனிந்து எடுத்தார்.

தேங்காய்க்கு இரண்டு பெரிய கண்குழிகள் இருந்தன. ஒரு வரிசைப் பல்லும் இருந்தது.

"யா அல்லாஹ்!"

அந்த அலறலில் கூடை கவிழ்ந்தது. பலாச்சுளைகள் தெருவெல்லாம் சிதறின. அருவிக்குக் குளிக்கப் போன ஒருவர், தலையில் தேய்த்த எண்ணெய் முகத்தில் வழிய வழியத் திரும்பி ஓடினார். துணிந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தவர்கள் துள்ளிப் பின்வாங்கினார்கள். உள்ளே கை எலும்பு, கால் எலும்பு, விலா எலும்பு!

"கொலை! ஆளக் கொன்னு பெட்டியில அடச்சுக் கொண்டு வாரான்!" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

பேச்சித்தாய் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

போலீஸ் ஏட்டு நமசிவாயம் விசில் ஊதிக்கொண்டு வந்தார். பெட்டியைப் பார்த்ததும் விசில் அவர் வாயிலிருந்து நழுவியது.

"இது ஆருலே?"

"சத்தியமா எனக்குத் தெரியாது ஏட்டையா. பள்ளிக்கூடத்துச் சாமான்னுதான் சொன்னாங்க."

"பள்ளிக்கூடத்துல பொணத்த வச்சா பாடம் நடத்துதாங்க? நடலே ஸ்டேஷனுக்கு!"

அன்று விடுமுறை. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. அப்பாவுக்காகப் பேச ஒருவரும் இல்லை. ஏட்டு, அப்பாவின் துண்டாலேயே அவர் கைகளைக் கட்டினார். விரல்களுக்கு நடுவே பேச்சித்தாய் அதைப் பார்த்தாள். கண்ணைப் பொத்திய கை தானாகக் கீழே இறங்கியது.

அப்போதுதான் சேற்றில் ஏதோ பளபளத்தது. பித்தளை!

அவள் கிட்டப் போனாள். பெட்டியிலிருந்து விழுந்த நீளமான ஒரு கால் எலும்பு. பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தூக்கினாள். கூட்டம் "ஐயோ!" என்றது.

"ஏட்டையா, நில்லுங்க! இதுல கீல் போட்டிருக்கு!"

"என்னது?"

"கதவுல இருக்குமே, அந்தக் கீலு. முட்டியில திருகாணி வச்சு மாட்டியிருக்கு. பாருங்க!"

அவள் அந்த எலும்புக் காலை மடக்கினாள். அது பின்பக்கம் அழகாக மடங்கியது. முன்பக்கம் தள்ளினாள், அசையவில்லை. தன் முழங்காலை மடக்கிப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான்!

தொடை எலும்பின் மேல்முனை உருண்டையாக இருந்தது. பெட்டிக்குள் கிடந்த இடுப்பு எலும்பில் அதற்கென்றே ஒரு குழி. உருண்டையைக் குழிக்குள் வைத்தாள். கிண்ணத்தில் எலுமிச்சம்பழம் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. முன்னே, பின்னே, பக்கவாட்டில், எங்கே திருப்பினாலும் திரும்பியது.

"தோளும் இப்படித்தான் இருக்கும்" என்று தன் கையைச் சக்கரமாகச் சுற்றிக் காட்டினாள். பக்கத்தில் நின்றவரின் தலைப்பாகை பறந்து விழுந்தது.

ஏட்டு மசியவில்லை. "கொலகாரன் பித்தளைக் கீல் வாங்கி மாட்டக் கூடாதா?"

பேச்சித்தாய்க்கு அழுகை வந்தது. அழுதுகொண்டு நின்றால் அப்பாவைக் கொண்டுபோய்விடுவார்கள். நேரே போய் மண்டையோட்டைக் கையில் எடுத்தாள். மேலே வளைந்து வளைந்து, நெளிதையல் போட்டது போலக் கோடுகள். அசைத்துப் பார்த்தாள். அங்கே ஒன்றும் ஆடவில்லை. எலும்போடு எலும்பு பல் கோத்து இறுகியிருந்தது. உச்சியில் ஓர் இரும்பு வளையம். பக்கவாட்டில் ஒரு சின்னக் கொக்கி. கொக்கியை விலக்கினாள்.

மண்டை டப்பா மூடி போலத் திறந்துகொண்டது!

கூட்டம் மொத்தமாக ஒரு முழம் பின்னால் குதித்தது. முதலில் குதித்தவர் ஏட்டுதான்.

"கொன்னவன் மண்டைக்கு மூடி போடுவானா ஏட்டையா? தொங்கவிட வளையம் மாட்டுவானா?" அவள் பெட்டியின் அடியில் கையை விட்டு, கனமான இரும்புத் தாங்கி ஒன்றை இழுத்தாள். மேலே ஒரு கொக்கி. "இதுல மாட்டி நிக்க வைக்கத்தான் வளையம். பிள்ளைங்க பாத்துப் படிக்க வந்த எலும்புக்கூடு இது!"

ஏட்டு வளையத்தைப் பார்த்தார். தாங்கியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு அப்பாவின் கட்டை அவிழ்த்தார்.

"முதல்லயே சொல்லியிருக்கலாம்லா, இசக்கிப்பாண்டி?"

"எனக்கே இப்பதான தெரியுது ஏட்டையா!"

அப்பா மகளைச் சேறோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

எலும்புகளைப் பொறுக்க ஒருவரும் முன்வரவில்லை. ஹாஜரா பீவி மட்டும் மெல்லக் கிட்டே வந்தார். "பாவம், எந்தத் தாய் பெத்த பிள்ளையோ" என்று சொல்லி, கூடையை மூடும் வெள்ளைத் துணியால் மண்டையோட்டின் சேற்றைத் துடைத்தார். பேச்சித்தாய் ஒவ்வொரு எலும்பாகத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். பிறகு அப்பாவும் அவளும் பலாச்சுளைகளையும் பொறுக்கிக் கழுவிக் கூடையில் போட்டார்கள்.

நாலு பேர் தூக்கிவிட, வண்டி நிமிர்ந்து கிளம்பியது. கூட்டம் மட்டும் கலையவில்லை. ஆளாளுக்குக் கழுத்தைத் திருப்பி, விரலை மடக்கி, தோளைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏட்டு நமசிவாயம் தெருவோரமாக ஒதுங்கி, ஒற்றைக்காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"ஏட்டையா, கால்ல முள்ளு குத்திட்டா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்லலே" என்றார் ஏட்டு. "எம் முட்டி முன்னால மடங்குதான்னு பாக்கேன்."