விரலை ஏற்காத கண்ணாடி

மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த துடைப்பறையைத் திறக்க, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு சூப்பர்வைசர் வந்தார். தொடுதிரைக் கண்ணாடிகளைத் துடைத்துச் சோதிக்கும் அறை அது. ஜன்னல் கிடையாது. மஞ்சள் விளக்கு மட்டும். கண்ணாடியில் பொட்டுத் தூசிகூட விழக்கூடாது என்று எந்நேரமும் அவர் பாடிக்கொண்டே இருப்பதால், தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர் தூசி சார்.

கூட வந்த எலெக்ட்ரீஷியன் மின்சாரத்தைப் போட்டான். "எக்ஸாஸ்ட் ஃபேனும் ஓடட்டுமா சார்?"

"வேண்டாம். கதவு இடுக்கு வழியா தூசியை இழுக்கும்."

"உங்களைக் கண்டாலே தூசி ஓடிடும் சார். அது எங்க உள்ள வரப்போகுது" என்று சிரித்துவிட்டு, ஃப்யூஸ் எடுத்துவர அவன் கீழே போனான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

அந்த அறையில் கடைசியாக வேலை செய்த பெண்ணை எல்லோரும் பஞ்சு என்றுதான் கூப்பிட்டார்கள். கை அவ்வளவு மெது. சீக்கிரம் காயும் ஒரு திரவத்தில் துணியை நனைத்து, ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுழித்துச் சுழித்துத் துடைப்பாள். அதன் ஆவி நரம்பைத் தின்னும். "அண்ணே, விரல் மரத்துப்போகுது, ஃபேனைப் போடுங்க" என்று பல தடவை கேட்டாள். அவர் போடவில்லை. விரலுக்குப் பிறகு கால் மரத்தது. மாடிப்படியில் விழுந்தவள் உயிரோடு எழுந்திருக்கவே இல்லை. விசாரணையில் அவர், ஃபேன் நாள் முழுக்க ஓடியது, அவள் வீட்டிலிருந்தே நோயோடு வந்தவள் என்று சொல்லி முடித்துவிட்டார்.

சோதனை மேசையில் திரைகள் ஒவ்வொன்றாக விழித்தன. விரல் போகும் பாதையைக் கோடாகக் காட்டும் திரைகள் அவை.

ஒன்றில் கோடு விழுந்தது.

அவர் தொடவில்லை.

ஈரமாக இருக்கும், இல்லையென்றால் மின்சாரக் கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தொடாததைத் தொட்டதாகத் திரை எடுத்துக்கொள்வது அந்தத் தொழிலில் புதிதல்ல. ஆனால் கோடு வளைந்தது. ஓரத்திலிருந்து நடுவுக்கு. சுழித்துச் சுழித்து.

பக்கத்துத் திரையிலும்.

அதற்கடுத்ததிலும்.

பெட்ரோல் போல, கொஞ்சம் இனிப்பாக, அந்த வாடை எழுந்தது. திரவப் புட்டிகளை அறையிலிருந்து எப்போதோ அப்புறப்படுத்தியாயிற்று. வெறும் அலமாரிதான் இருந்தது.

கதவுக்கு விரைந்தார். அதைத் திறப்பதற்கும் ஃபேனைப் போடுவதற்கும் சுவரில் ஒரே தொடுதிரை. விரலை வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். உள்ளங்கையை வைத்தார். பழைய காலத்துத் திரை என்றால் அழுத்தினாலே போதும். மேல் தாள் கீழ்த் தாளைத் தொட்டுவிடும், பேனா மூடியால்கூடக் குத்தலாம். இது அப்படியல்ல. கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத மின்பூச்சு இருக்கிறது. விரல் அருகே வந்தால் அந்த மின்சாரம் துளியளவு உடம்புக்குள் இழுபடும். எங்கே இழுபட்டது என்பதை வைத்துத்தான் திரை விரலைக் கண்டுகொள்ளும். புதிதாகச் சேர்பவர்களிடம் அவரே சொல்வார், இதுக்கு உடம்பு வேணும் என்று.

அவரை அது உடம்பாகவே மதிக்கவில்லை.

முதுகுக்குப் பின்னால், உடம்பே இல்லாத விரலைத் திரைகள் எல்லாம் ஏற்றுக்கொண்டிருந்தன.

கைப்பேசியும் திறக்கவில்லை. தொண்டை எரிந்தது. கதவை அறைந்த கையில் வலி தெரியவில்லை. விரல்கள் மரத்திருந்தன.

"பஞ்சு... ஃபேனைப் போடும்மா."

காதோரம் ஒரு குரல், மிக மெதுவாக.

"ஃபேன் போட்டா தூசி வரும்ணே."

காலும் மரத்து அவர் தரையில் சரிந்தார். "தப்புதான். ஃபேன் ஓடலைன்னு சொல்லிடறேன். எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். உயிரை மட்டும் விட்டுடு."

கோடுகள் நின்றன.

கதவு திறந்தது. வெளியே எலெக்ட்ரீஷியன் ஃப்யூஸும் கையுமாக நின்றான். "நான் இன்னும் கதவைத் தொடவே இல்லையே சார்."

ஆஸ்பத்திரியில் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார். சுருக்கென்று வலித்தது. உணர்ச்சி திரும்பிவிட்டது. ஜன்னல் நிறைய வெயில், சுற்றிலும் மனிதர்கள்.

"ஏதோ ஆவியைச் சுவாசிச்சிருக்கீங்க. அந்த அறையில ஃபேன் ஓடுமா?" என்று டாக்டர் கேட்டார். "அங்க ஒரு பொண்ணுக்கும் இதே மாதிரி ஆச்சாமே."

"தெரிஞ்சதைச் சொல்லுங்களேன்" என்றாள் மனைவி.

வாய்வரை வந்தது. வேலை போகும். ஜெயில்கூட இருக்கலாம். வெயிலைப் பார்த்தார். அந்தக் குரல் இப்போது எங்கோ தூரத்தில் இருப்பதுபோல் தோன்றியது.

"எப்பவும் ஓடும் டாக்டர். அந்தப் பொண்ணு வீட்டுலேர்ந்தே நோயோட வந்தவ."

டாக்டர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"நல்லவேளை, பிழைச்சீங்க. பையன் தவிச்சுக்கிட்டிருப்பான்" என்று மனைவி கைப்பேசியை எடுத்தாள். தட்டினாள். விரலைத் துடைத்துவிட்டு மறுபடி தட்டினாள். பிறகு அதை மடியில் போட்டுவிட்டுக் கையை உதறினாள்.

"என்னங்க, எனக்கு விரல் நுனியெல்லாம் மரத்துப்போகுதே."

அவள் மடியில் கிடந்த கைப்பேசி, யாரும் தொடாமலே, மெல்ல வெளிச்சமானது.