ஆளில்லை என்று குறிக்கவும்

காலையில் அலுவலகம் வந்ததும் ஹேமலதாவின் முதல் வேலை, ஏவலர்களின் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுவது. ஏவலர் என்றால் ஆள் அல்ல. ஏஐ ஏஜெண்ட்டுக்கு அரசாங்கம் வைத்த தமிழ்ப் பெயர். டிக்கெட் எடுப்பது, பத்திரம் பார்ப்பது, டாக்டரிடம் நேரம் வாங்குவது எல்லாம் இப்போது அவைதான். வெப்சைட்டை மனிதர்கள் கண்ணால் பார்த்துப் பத்து வருஷம் ஆகிறது. "மலைப்பக்கம் ஒரு ரூம் பாரு" என்று வாயால் சொன்னால் போதும், ஏவலர் உலாவிக் கருவியோடு போய் விசாரித்துவிட்டு வந்துவிடும்.

அந்தக் கருவியை எப்படிக் கையாள்வது என்று ஏவலர்களுக்குக் கையேடு எழுதுகிறவள் ஹேமா. எங்கே சொடுக்குவது, எவ்வளவு நேரம் நிற்பது, எப்போது கிளம்புவது என்று திருச்சியில் உட்கார்ந்து அவள் ஒரு வரி எழுதினால், நாட்டிலுள்ள அத்தனை ஏவலர்களும் கிளிப்பிள்ளை மாதிரி அப்படியே செய்யும். சொன்ன சொல்லை மீறாத வாசகர்கள்! எந்த எழுத்தாளருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்? அதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது என்பது அவளுக்கு அன்றுவரை உறைக்கவில்லை.

கையேடு எழுதுகிறவர் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது விதி. அதனால் அவள் மேஜையில் மட்டும் இன்னும் ஒரு திரையும் மவுஸும் இருந்தன. மவுஸைத் தொட்டாலே அவளுக்குப் பிளஸ் டூ ரிசல்ட் ஞாபகம் வந்துவிடும். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் அருகே பிரவுசிங் சென்டர், நாற்காலிக்குப் பின்னால் அப்பா, அம்மா, இரண்டு சித்திகள். முதலில் தலைப்பு, பிறகு பெயர், அப்புறம் சாவகாசமாக மதிப்பெண் என்று பக்கம் இறங்கி இறங்கி வந்தது. காத்திருப்பதற்கும் ஒரு ருசி இருந்த காலம். அதன் மேல் அவளுக்குக் கொள்ளை ஆசை, அதை ஒளிக்கவும் மாட்டாள்.

அன்று ஓர் ஏவலர் இப்படி எழுதியிருந்தது: "கொல்லிமலையில் ஒரு தங்கும் விடுதியின் அரட்டைப் பெட்டியில் அறை இருக்கிறதா என்று கேட்டேன். ஐந்து விநாடியில் பதில் இல்லை. கையேட்டின்படி 'ஆளில்லை' என்று குறித்தேன். கருவி பழுதாகி என்னால் வெளியேற முடியவில்லை. நாற்பதாவது விநாடியில் பதில் வந்தது. கையேடு தவறா, பக்கம் தவறா?"

ஹேமா அந்த வரியைத் தேடி எடுத்தாள். பதினொரு வருஷத்துக்கு முன் அவளே எழுதியது. "அசையும் மூன்று புள்ளிகள் வெறும் அலங்காரம். பொருட்படுத்த வேண்டாம். ஐந்து விநாடியில் பதில் வராவிட்டால் ஆளில்லை என்று குறிக்கவும்." அப்போதெல்லாம் ஆள் தட்டச்சு செய்கிற மாதிரி பாவனை காட்டத்தான் அநேக பக்கங்களில் புள்ளிகளை ஓடவிட்டார்கள். உண்மையான ஆள் ஒருவர் அங்கே இருக்கக்கூடும் என்று அவள் யோசிக்கவே இல்லை.

அவள் அந்த விடுதியைக் கையாலேயே திறந்தாள். "வணக்கம், ஹேமலதா பேசறேன். ரூம் இருக்குங்களா?" என்று அடித்தாள். புள்ளிகள் அசைந்தன. அந்நேரம் பார்த்துத் துறைத் தலைவர் ரியாசுதீன் உள்ளே வந்தார். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"என்ன பண்ணிட்டிருக்க?"

"காத்திட்டிருக்கேன். நீயும் உட்காரு."

பத்து விநாடிதான். ரியாஸ் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி நெளிந்தார். "யாரும் இல்ல ஹேமா, விடேன்."

"நீயெல்லாம் ரிசல்ட் பார்க்க எத்தனை மணி நேரம் கியூவில நின்ன ஆளு! சும்மா இரு."

பதில் வந்தது. "இருக்குங்க."

உடனே இன்னொரு வரிக்கான புள்ளிகள். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று.

"நீங்க இன்னும் இருக்கீங்களாம்மா? நான் துரைக்கண்ணு. பதினொரு வருஷமா எல்லாரும் கேட்டுட்டு உடனே போயிடுறாங்க. என் விரல் மெதுவு. பேத்திகிட்ட டைப்பிங் கத்துக்கிட்டேன். முன்னெல்லாம் அருவி, மிளகுத் தோட்டம்னு விவரமா எழுதுவேன். இப்ப 'இருக்குங்க'ன்னு மட்டும் எழுதறேன். அதுக்கும் நிக்க மாட்டேங்கறாங்க. ஞாயித்துக்கிழமையோட மூடிடறேன்."

ரியாஸ் நெளிவதை நிறுத்திவிட்டார். அந்தப் பதினொரு வருஷக் கணக்கு ஹேமாவுக்குப் புரிந்தது. ஒரு மனிதர் பதினொரு வருஷம் தன் விரல்களைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"தப்பு உங்க விரல் மேல இல்லீங்க," என்று அடித்தாள். "நிக்காம போயிடணும்னு எழுதி வெச்சது நான்தான்."

புள்ளிகள் அசைந்தன, நின்றன, மறுபடி அசைந்தன. திட்டப்போகிறார், திட்டட்டும் என்று அவள் இருந்தாள்.

"சரிம்மா. ரூம் வேணுமா, வேண்டாமா?"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன அவளுக்கு. "வேணும். ஞாயித்துக்கிழமையே வரேன். மூடிடாதீங்க."

பிறகு ரியாஸ் பக்கம் திரும்பினாள். "வரியை மாத்தறேன்."

"எல்லா ஏவலரும் புள்ளிக்குப் புள்ளி நின்னா ஊரே கத்தும். ஒரு விநாடி லேட்டானாலே எனக்குப் புகார் வருது."

"வரட்டும். இவர் எங்க போய்ப் புகார் சொல்வாரு?"

ரியாஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். விடுதிக்காரர் இப்போது மிளகுத் தோட்டத்தைப் பற்றி எழுத ஆரம்பித்திருந்தார். "எழுது," என்றார் ரியாஸ், "வர்றதை நான் வாங்கிக்கறேன்."

அவள் எழுதினாள்: "மூன்று புள்ளிகள் அசைந்தால் அங்கே ஒருவர் இருக்கக்கூடும். அவர் சொல்லி முடிக்கும்வரை நிற்கவும்."

மறுநாள் புகார்கள் வந்து குவிந்தன, ரியாஸ் வாங்கிக்கொண்டார். கூடவே ஏவலர்களின் அறிக்கையும் வந்தது. ஆளில்லை என்று குறிக்கப்பட்டிருந்த நாற்பத்தோராயிரம் பக்கங்களிலிருந்து ஒரே நாளில் பதில் வந்திருந்தது. கண்ணாடிக்கு ஃபிரேம் போடுகிறவர், ஊறுகாய் அனுப்புகிற இரண்டு சகோதரிகள், நாய்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். ஹேமா ஆசை ஆசையாக ஒவ்வொன்றாகத் திறந்தாள். பத்தோடு நிறுத்திவிட்டாள். பத்துப் பேரும் ஒரே மாதிரிதான் தொடங்கியிருந்தார்கள்:

"தாமதத்துக்கு மன்னிக்கவும்."