கூடத்து ஹைசுங் குளிர்கிற நேரம்

கூடத்து ஹைசுங்கின் மேல் காலுறைகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தபோது, அது பிரபாலினியின் கைக்குக் கீழேயே ஆறத் தொடங்கியது. வீட்டைச் சூடாக்கும் அந்த வெள்ளை இரும்புப் பலகை ஒரேயடியாகக் குளிர்வதில்லை. முதலில் உள்ளே ஓடும் தண்ணீரின் முணுமுணுப்பு நிற்கும், பிறகு அடிப்பக்கம் ஆறும், கடைசியாகத்தான் மேற்பக்கம். அவள் யோசிக்கவேயில்லை. மாடிப்படியைப் பார்த்து, "முடிஞ்சுதோ?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் மேலே குளிக்க யாரும் இல்லை என்பதும், குளிக்கிறவர் வைகாசியிலேயே செத்துப்போனார் என்பதும் நினைவுக்கு வந்தன. மிச்சக் காலுறைகளையும் விரித்துப் போட்டாள்.

ஹம் நகரத்தில் ரயில் பாதைக்குப் பின்புறம் உள்ள வரிசை வீடுகளில் ஒன்று அது. நிலத்துக்கடியில் உள்ள கெல்லர் அறையில் ஒரே ஒரு பொயிலர். வீட்டைச் சூடாக்குவதும் அதுதான், குளிக்க வெந்நீர் தருவதும் அதுதான், ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய அதற்கு முடியாது. யாராவது வெந்நீர்ப் பைப்பைத் திறந்தால் பொயிலருக்குள் இருக்கும் வால்வு 'கறக்' என்று திரும்பி, சூட்டை முழுவதும் குளியலறைப் பக்கம் அனுப்பிவிடும். பைப்பை மூடினால் மறுபடி 'கறக்' என்று வீட்டின் பக்கம் திரும்பும். ஆக, ஒருவர் குளித்தால் மற்றவர் குளிரில் இருக்கவேண்டும்.

அவளுடைய புருசன் குகதாசனோ, கம்பித் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்ததும் தோல் சிவக்கச் சிவக்கக் குளிக்கிற மனிதர். இந்த நாட்டில் பாதி ஆயுளைக் கழித்தும் குளிரோடு அவருக்குச் சமாதானம் ஏற்படவில்லை. கீழே ஹைசுங் ஆறிப்போய் அவள் சத்தம் போட்டால், மேலே குளியலறை ஹைசுங்கில் மோதிரத்தால் தட்டுவார். குழாய் வழியே அந்தச் சத்தம் கூடம்வரை வரும். இரண்டு தட்டு என்றால் இன்னும் முடியவில்லை. ஒரு தட்டு என்றால் முடிந்தது, துவாயைக் கொண்டு வா. கல்யாணம் கட்டிய நாள் தொட்டு ஒரு தடவையாவது துவாயைக் கையோடு எடுத்துக்கொண்டு குளிக்கப் போனதில்லை அந்த மனிசன். அவள் கதவு இடுக்கால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டுவாள், ஈரக்கை ஒன்று வந்து துவாயை வாங்கிக்கொள்ளும்.

அவர் போன பிறகு அவள் அழவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், எத்தனையோ செத்த உடம்புகளைத் துடைத்து உடுப்பு மாற்றிய கை, அதனால்தான் என்று சனம் பேசிக்கொண்டது. அதெல்லாம் இல்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல அவளுக்குள்ளே முழுவதும் மரத்துக் கிடந்தது, அவ்வளவுதான். தொட்டால் தொட்டது தெரியும், வலி தெரியாது.

சாம்பலைக் கடலில் கரைக்க, குகதாசனின் தமையன் அவளை ஒல்லாந்துக் கரைக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனார். மண்முட்டி கிடைக்காததால் சாமித்தட்டில் இருந்த பித்தளைச் செம்பில் கொண்டுபோனார்கள். கோடை என்று பெயர்தான், கடல் எலும்பைக் கடித்தது. கவிழ்த்ததில் எல்லாம் போயிற்று, ஈரம் பட்ட கொஞ்சம் மட்டும் செம்பின் அடியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. இன்னொரு முறை இறங்க அவளுடைய கால் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வந்த செம்பு, அலையில் விடவும் மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, குளியல் தொட்டிக்குள் வைத்து, வெந்நீர்ப் பைப்பைத் திறந்துவிட்டாள். ஓடுகிற தண்ணீரில் கரைக்கவேண்டும் என்றுதானே சொல்வார்கள். இதுவும் ஓடுகிற தண்ணீர்தான், அதிலும் சுடுதண்ணீர், அவருக்குப் பிடித்தது. ஒரு கைப்பிடிகூட இருந்திராது. தமையனிடம் அவள் அதைச் சொல்லவில்லை, சொல்ல அதில் ஒன்றும் இருப்பதாக அப்போது தோன்றவில்லை.

குளிர் தொடங்கி ஹைசுங்கைப் போட்ட புதிதில், ஒருவர் கை கழுவுகிற நேரம்தான் அது ஆறியது. ஐப்பசியில் தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கிற நேரமாயிற்று. பின்னேரமே இருட்டிவிடுகிற கார்த்திகையில், சோறு வடித்துக் கறி இறக்குகிற நேரம். எப்போதும் அவர் வேலையால் வந்து குளிக்கிற அதே பொழுதில். மேலே போய்ப் பார்த்தால் பைப் மூடியிருக்கும், தொட்டி காய்ந்திருக்கும், கண்ணாடியில் மட்டும் ஆவி படிந்திருக்கும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரின் மணம் ஒன்று, ஈரமாக, இனிப்பாக, தொண்டையில் வந்து ஒட்டும். இன்னொன்றையும் கவனித்தாள். ஊற வைத்து ஊற வைத்துச் சுரண்டினாலும் போகாமல், தண்ணீர் சுட வைக்கிற கேத்திலின் உள்ளே படிந்திருந்த வெள்ளைச் சுண்ணாம்புக் கல் இந்த மாதங்களில் தானாகவே காணாமல் போயிருந்தது. ஒரு வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வால்வு பழுதாக இருக்கவேண்டும். வால்வு பழுது என்றால் அவர் கடலோடு போய்விட்டார், அவள் அனுப்பியது சரியாகத்தான் அனுப்பியிருக்கிறாள். வால்வு நல்லதென்றால் அவர் போகவில்லை.

தயாபரனைக் கூப்பிட்டாள். ஹைசுங் திருத்துகிறவர், குகதாசனோடு கோயில் தேர் இழுத்த பழக்கம். வேலை முடிந்து வருகிற வழியில், கோட்டையும் கழற்றாமல் நேரே கெல்லருக்கு இறங்கினார். பொயிலருக்கு வருகிற இந்த வருத்தத்துக்கு வழக்கமான காரணங்கள்தான் என்று தைரியம் சொன்னார். வால்வைத் திருப்புகிற சின்ன மோட்டார் சிக்கியிருக்கும், அல்லது உள்ளே கல் பிடித்து இறுகியிருக்கும். தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கிற சென்சர் ஓடாததை ஓடுகிறது என்று சொல்லும். அதுவும் இல்லையென்றால் எங்கேயோ ஒரு பைப் சொட்டுகிறது. எல்லாம் ஒரு மணித்தியால வேலை.

மோட்டாரைக் கழற்றி ஓட விட்டார், நன்றாக ஓடியது. சென்சரின் வயரைப் பிடுங்கி மறுபடி செருகினார், அதுவும் சரி. குசினி, கழிவறை, கெல்லர், எல்லாப் பைப்புகளின் அடியிலும் விரலை வைத்துப் பார்த்தார், ஒரு சொட்டு இல்லை. பிறகு தண்ணீரை அடைத்து, சுடுதண்ணீர்ப் பக்கத்தைக் கழற்றி உள்ளே டோர்ச் அடித்தார். பார்த்தவர் டோர்ச்சை இன்னும் கிட்டக் கொண்டுபோனார். செப்புக் குழாய் பளபளத்தது, நேற்றுக் கடையில் வாங்கியதுபோல.

"இதைக் கழட்டினால் அப்பளம் மாதிரிக் கல் உதிரவேணும், அக்கா," என்றார். "தண்ணியில கல் இருக்கு. சுட வைச்சால் எங்கையாவது பிடிச்சு வளரத்தான் செய்யும். இங்க பிடிக்கேல்லை எண்டால், வேற எங்கையோ பிடிக்குது."

பிரபாலினிக்கு அந்தச் சாம்பல் செம்பின் அடி ஞாபகம் வந்தது. ஒட்டிக்கொண்டு வர மறுத்த அந்தக் கொஞ்சம். அவள் கைகளை மேற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

அவர் எல்லாவற்றையும் பூட்டிப் பொயிலரை ஓட விட்டார். மோட்டார் சீராக இரைந்தது, மேலே போகிற குழாய்கள் சூடேறி ஒவ்வொன்றாகச் சோம்பல் முறித்தன, எரிகிற வாயுவின் மெல்லிய வாடை வந்தது. அப்போது, அவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, வால்வு 'கறக்' என்று திரும்பியது. உள்ளே நெருப்பு உயர்ந்தது. முகப்பில் இருந்த சின்னத் திரையில் தண்ணீர் ஓட்டத்தின் இலக்கம் பூச்சியத்திலிருந்து ஏறிப்போய் ஓரிடத்தில் நின்றது. நிதானமாக, ஒருவர் பைப்பை அளவாகத் திறந்து வைத்ததுபோல.

"மேலை ஆரும் குளிக்கினமோ?"

"ஒருத்தரும் இல்லை."

தயாபரன் கெல்லரின் கூரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்க்கவில்லை. மேலே போகும் வெந்நீர்க் குழாயை அடைக்கிற திருகைத் தேடிப் பிடித்து இறுக்கிப் பூட்டினார். இலக்கம் விழுந்தது, வால்வு திரும்பிக்கொண்டது. குளியலறைக்கு இனி ஒரு சொட்டு வெந்நீர் போகாது என்றார். இதற்குப் பிறகும் ஹைசுங் ஆறினால் வால்வுதான் பிழை, புதியது போட்டால் சரியாகிவிடும் என்றார். ஆறாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. இன்னொரு வீட்டில் டெர்மின் இருக்கிறது, நேரம் கொடுத்தாயிற்று என்று சொல்லிப் படியேறியவர், துடைக்கிற துணியைப் பொயிலரின் மேலேயே மறந்து விட்டுப் போய்விட்டார்.

கூடத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஹைசுங்கின் மேல் இடது கையை வைத்தபடி அவள் உட்கார்ந்தாள். வெளியே இருட்டு கண்ணாடிவரை வந்து நின்றது. ஒரு ரயில் போனது, அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசி அடங்கின. ஆறு, ஆறிப் போ என்று அந்த இரும்பிடம் மன்றாடினாள். முருகா, வால்வு பழுதாக இருக்கட்டும். உள்ளே தண்ணீர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. இரும்பு கையைச் சுட்டது. உள்ளங்கை சிவந்தது. அவள் எடுக்கவில்லை. அது ஆறவில்லை.

மேலே தண்ணீர் அசைந்தது.

பைப்பிலிருந்து விழுகிற சத்தம் இல்லை. நிறைந்த தொட்டிக்குள் கிடந்த ஒன்று, சூடு நின்றுபோனதால் புரண்டு பார்க்கிற சத்தம்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

டொக். டொக்.

உள்ளங்கைக்குக் கீழே, இரும்புக்குள். மோதிரச் சத்தம் இல்லை. மோதிரம் அவளுடைய சங்கிலியில் தொங்கியது. இது கல் இரும்பில் படுகிற சத்தம்.

எழுந்தாள். அலுமாரியிலிருந்து நீலத் துவாயை எடுத்தாள். இரண்டு தட்டுக்குத் துவாய் தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் வெறுங்கையோடு எப்படிப் போவது. படிகளில் சுண்ணாம்பு மணம் இறங்கி வந்தது. ஒவ்வொரு படியாக. குளியலறையில் வெளிச்சம் இல்லை. கதவு நாலு விரல் திறந்திருந்தது. இடுக்கால் ஆவி வந்தது.

முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை உள்ளே நீட்டினாள்.

துவாயை யாரும் வாங்கவில்லை. அவளுடைய மணிக்கட்டை ஏதோ தொட்டது. சூடாக இருந்தது. சொரசொரப்பாக. பழைய கேத்திலின் உட்புறம்போல. தடவித் தடவி, இது யாருடைய கை என்று பார்ப்பதுபோல மேலே ஏறியது.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

கைதான். வெள்ளை. நகமில்லை. விரல்கள் மூன்று. மோதிர விரல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மொட்டு. அது துவாயை மெதுவாக அவள் பக்கமே தள்ளிவிட்டது. பிறகு கதவு நிலையில் தட்டியது.

டொக். டொக்.

வைகாசிக்குப் பிறகு முதல் தடவையாக அவளுக்கு ஏதோ வலித்தது. பயம்தான் அது. ஆனால் பயம் மட்டும் இல்லை. கடலில் விட்டதெல்லாம் போயிற்று. இது, அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த அந்தக் கைப்பிடிச் சாம்பல். இவ்வளவு நாளும் இந்தக் குளிரில் தனியாக இருந்திருக்கிறது.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றாள்.

கெல்லருக்கு இறங்கினாள். தயாபரன் இறுக்கிய திருகை, அவருடைய துணியைச் சுற்றிப் பிடித்து, திருப்பித் திறந்தாள். கறக். நெருப்பு உயர்ந்தது. இலக்கம் ஏறியது. வால்வில் ஒரு குறையும் இல்லை.

கூடத்துக்கு வந்து பழையபடி உட்கார்ந்தாள். ஹைசுங் ஆறியது. அடிப்பக்கம், பிறகு மேற்பக்கம். சன்னல் கண்ணாடியில் அவளுடைய மூச்சு படிந்தது. மடியில் துவாய். மேலே தண்ணீர் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அவளுடைய கால்கள் மரத்தன, பிறகு கைகள், பிறகு அந்த வலியும். அவள் அசையவில்லை.

கீழே 'கறக்' என்றது.

இரும்புக்குள் முணுமுணுப்பு திரும்பி வந்தது. சூடு மெல்ல ஏறியது. கை வைத்த இடத்தில்.

டொக்.

அவள் காத்திருந்தாள். இரண்டாவது வரவில்லை.

மேலே கதவு முழுவதும் திறந்தது. ஈரக் கால் ஒன்று படியில் விழுந்தது. கனமான கால். பிறகு மற்றது. படியோரம் வெள்ளைத் தூள் உதிர்ந்தது. முழங்கால் வந்தது. துவாய்க்காக நீட்டிய கை வந்தது, ஐந்து விரல்களோடு. வெளிச்சத்துக்குள் முகம் வந்தது. கண் இருக்கவேண்டிய இடத்தில், வாய் இருக்கவேண்டிய இடத்தில், ஒன்றும் இல்லை. ஆவி பறக்க, மழமழவென்று, அது அவள் பக்கம் திரும்பியது.