திருப்பி எடுத்துக்கொள்ளவும்

பார்சல் வந்த திங்கட்கிழமை சாயங்காலம் நாரணாபுரத்தில் கரண்ட் இல்லை. ஆறு மணிக்குப் போனால் எட்டு மணிக்குத்தான் வரும். பாண்டிச்செல்வம் அச்சாபீஸிலிருந்து வந்து, கைகால் கழுவி, மெழுகுவத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெட்டியைப் பிரித்தார். மதுரையில் நர்ஸிங் படிக்கப் போயிருக்கும் மகள் சினேகாவுக்காக வாங்கிய செல்போன். அச்சாபீஸில் பட்டாசு லேபிள் டிசைன் செய்கிற செல்வக்குமார்தான் கம்ப்யூட்டரில் ஏலம் கேட்டு எடுத்துக் கொடுத்திருந்தான். 'சீல் பிரிக்காத புது செட்' என்று அதில் போட்டிருந்தது.

மூடியைத் திறந்ததும் முதலில் எழுந்தது வாசம்தான்.

கந்தகமும் வெடியுப்பும் வேர்வையில் ஊறிய வாசம். சிவகாசிப் பக்கத்தில் அது புதிதில்லை. துவைக்கப் போட்ட துணியில், பஸ் சீட்டில், எங்கேயும் இருக்கும். ஆனால் இந்த வீட்டில் அது இல்லாமல் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அவர் மனைவி முருகேஸ்வரி போனதோடு அதுவும் போயிருந்தது.

போனைத் திருப்பிப் பார்த்தார். வெளி மூடி பளபளவென்று இருந்தது. பித்தான்களின் இடுக்கில் மட்டும் வெள்ளி நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. விரலால் தேய்த்தார். அலுமினியப் பொடி. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கிறவர்களின் கையில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத பொடி.

மறுநாள் காலையில் செல்வக்குமாரைப் பிடித்துக்கொண்டார்.

"புதுசுன்னு சொல்லி யாரோ புழங்குனத அனுப்பியிருக்கான்லே. எடுத்துக்கிட்டுத் துட்டைத் திருப்பித் தரச் சொல்லு."

"போட்டோவப் பாத்தே பொண்ணைப் பிடிச்சுப் போச்சுன்னு சொன்ன மாப்பிள்ளை கணக்கால்ல அண்ணே ஆடுனீக. இப்ப என்னைய வைங்க."

"வாய மூடிக்கிட்டு அடிலே."

"சரி, காரணம் என்னன்னு போட?"

பாண்டிச்செல்வம் கோபத்தோடு சொல்லச் சொல்ல அவன் அடித்தான். 'இது பிறர் புழங்கிய பொருள். இதை என் வீட்டில் வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளவும்.'

ஒரு பிரதி எடுத்து நீட்டினான். "செட்டோட இந்தத் தாளையும் வச்சு ஏழு நாளுக்குள்ள அனுப்பணும்ணே. வித்தவன் கையில சேந்தாத்தான் பணம் வரும். இந்தாங்க, விலாசம் பக்கத்துல சூலக்கரைதான்."

அன்று சாயங்காலம் தாளை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். கரண்ட் போனது. பசைநாடாவைத் தேடி எழுந்தபோது, பெட்டிக்குள் போன் அடித்தது.

அதில் சிம் கார்டு இல்லை.

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. தெருவில் பேச்சுச் சத்தம் நின்றுபோன மாதிரி இருந்தது. கந்தக வாசம் தொண்டையில் காறியது. எடுத்தார். திரையைக் கண்ணருகே கொண்டுவந்தார்.

இருபத்து மூன்று மிஸ்டு கால்.

பித்தானை அமுக்கினார். வரிசையாக ஒரே பெயர்.

சினேகா அப்பா.

சினேகா அப்பா.

சினேகா அப்பா.

தேதியைப் பார்க்கத் தேவையே இல்லை. இருந்தும் பார்த்தார்.

அன்றைக்கு அச்சாபீஸில் தீபாவளி ஆர்டர். கட்டிங் மிஷினில் நின்றுகொண்டிருந்தார். முருகேஸ்வரி வேலை பார்த்த விஸ்வநத்தம் பக்கம் வெடிச் சத்தம் கேட்டு, ஜன்னல் தகரம் அதிர்ந்தது. உடனே அவளுக்குப் போன் அடித்தார். ரிங் போனது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். ரிங் போனது. "ரிங் போகுதுல்ல, அப்ப அவளுக்கு ஒண்ணுமில்ல, ஓடுற ஓட்டத்துல எடுத்திருக்க மாட்டா" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். லோடை முடித்துவிட்டுப் போகலாம் என்று நின்றார்.

பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் உள்ள மரப்பெட்டியில் போட்டுவிட்டுத் தகர டோக்கன் வாங்கிக்கொண்டு போக வேண்டும். தினமும் அந்த டோக்கனைத் தொலைத்துவிடாதே என்று அவளுக்குச் சொல்லி அனுப்பியவரே அவர்தான். லோடு முடியும்வரை, அந்த ஒன்றேகால் மணி நேரம் அது அவர் நினைவுக்கு வரவில்லை. அவர் கூப்பிட்டதெல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள் அடித்துக்கொண்டிருந்தது.

அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முருகேஸ்வரியோடு வேலை பார்த்த பொன்னுத்தங்கம் சொல்லாமலே இருந்திருக்கலாம். சொல்லிவிட்டாள். "வெளிய இழுத்துப் போட்டு ஒரு மணி நேரம் உசுரோடதான் கெடந்தாண்ணே. நீங்க வந்துட்டீகளா வந்துட்டீகளான்னு கேட்டுக்கிட்டே இருந்தா."

டோக்கன் முருகேஸ்வரியோடு தீயில் போய்விட்டது. டோக்கன் இல்லாமல் போனைத் தர முடியாது என்று கேட்டில் கையை விரித்தார்கள். சண்டை போட அவருக்குத் தெம்பில்லை.

இப்போது அந்தப் போனைக் காதில் வைத்தார்.

மூச்சுச் சத்தம். இழுத்து இழுத்து விடுகிற மூச்சு. அதற்கு நடுவில், கிசுகிசுப்பாக,

"வாறீகளா?"

திரை அணைந்தது.

புதன்கிழமை செல்வக்குமாரிடம் புகாரை ரத்து செய்யச் சொன்னார்.

"என்னண்ணே நீங்க, அவனே ஒத்துக்கிட்டு அனுப்பச் சொல்லிட்டான்."

"வேண்டாம்லே. அது எங்க வீட்டுப் பொருள்."

போனைப் பெட்டியோடு பீரோவில் அவள் சேலைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினார். சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். அன்று ராத்திரி முழுக்க பீரோ முன்னால் உட்கார்ந்து, "முருகு, நான் வேணும்னு செய்யல புள்ள" என்று முணுமுணுத்தார். பெட்டிக்குள் மடித்து வைத்த தாளைக் கிழித்துப் போட வேண்டும் என்று தோன்றவே இல்லை.

வியாழக்கிழமை வீட்டில் அந்த வாசம் இல்லை.

வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு அவருடைய போன் அடித்தது.

"சூலக்கரை சங்கரபாண்டியன் பேசுறேண்ணே, செட்டு வித்தவன். செட்டு வந்து சேந்துருச்சு, பணத்தைத் திருப்பிப் போட்டுட்டேன். தப்பு என் மேலதான். கம்பெனி கேட்டுல கேக்க ஆளில்லாமக் கெடந்த செட்டுகன்னு வாட்ச்மேன் மொத்தமாத் தள்ளுனான். மூடிய மாத்திப் போட்டுப் புதுசுன்னு வித்துட்டேன். அதுக்காக வீட்டுப் பொம்பளைய இந்த வெயில்ல வெறுங்காலோடயா அனுப்புறது?"

"யாரைச் சொல்றீக?"

"ஒங்க வீட்டம்மாவத்தான். செட்டையும் தாளையும் குடுத்துட்டு, 'வீட்டுல வச்சிருக்க அவுகளுக்கு விருப்பமில்லையாம்'னு சொல்லி உக்காந்தவுகதான். ஒரு மணி நேரமா அசையல. தண்ணி குடுத்தேன், தொடல. கூட்டிட்டுப் போக நீங்க வருவீகளாம்." அவன் குரல் இறங்கியது. "கடை பூரா மருந்து வாடையா இருக்குண்ணே. எனக்கு ஒரு மாதிரியா வருது. சீக்கிரம் வாங்க."

பாண்டிச்செல்வத்தின் கை இடுப்புக்குப் போனது. சாவி இருந்தது.

அவர் மிஷினை நிறுத்தினார்.

"அண்ணே, லோடு நிக்குது, எங்க போறீக?" என்று செல்வக்குமார் பின்னால் ஓடி வந்தான்.

"ஒங்க மைனி காத்துக்கிட்டு இருக்காலே."

அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

சூலக்கரையில் சங்கரபாண்டியன் கடைக்குள் இல்லை; வாசலில், வெயிலில் நின்றிருந்தான்.

"இப்பத்தாண்ணே. ஒங்க வண்டிச் சத்தம் கேட்டதும் எந்திரிச்சு வெளிய வந்தாக. ஒங்களுக்கு நேராத்தான் வந்தாக. பாக்கலையா?"

மேஜைமேல் போன் இருந்தது. பக்கத்தில் அந்தத் தாள், மடிப்புக் கலையாமல். பாண்டிச்செல்வம் தாளைச் சுக்குநூறாகக் கிழித்தார். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். தெருவில் ஒருத்தரும் இல்லை. திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"பிந்திப் போச்சு. ஏறு புள்ள."

பின்சீட் அமுங்கியது.

சங்கரபாண்டியன் ஷட்டரை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது.

மெதுவாகத்தான் ஓட்டினார். முதுகில் சூடு இல்லை, மூச்சு இல்லை. ஒரு கனம் மட்டும் இருந்தது. வழியில் ஒரு பஸ் நிறுத்தத்தைத் தாண்டும்போது, கூடையோடு நின்றிருந்த ஒரு பெண் கையைத் தட்டிக் கத்தினாள்.

"ஏ அண்ணாச்சி, நிறுத்துங்க! பின்னால அக்கா சேலை சக்கரத்துல சுத்தப் போகுது!"

அவர் வண்டியை ஓரங்கட்டினார். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

"இழுத்துச் சொருகிக்க புள்ள" என்றார்.

சேலை சரசரத்தது.