நான்காவது பட்டாலியன்

கேப்டன் ஓடோன் லாரேயா, உள்நாட்டுச் சண்டை மூள்வதற்கு முன் ரயில் விபத்துகளை விசாரித்து வந்தவர். எந்த விபத்திலும் பழி கடைசியில் சிக்னல்காரன் தலையில்தான் விடியும் என்று அறிந்தவர். அந்தத் தகுதியை மெச்சித்தான் அவரைப் பிரிகேட்டின் சட்ட அதிகாரியாகப் போட்டிருந்தார்கள்.

அன்று மதியம் அவர் அறைக்குள் கரண்டியும் கையுமாக நுழைந்தாள் சமையற்கூடத்து லெயோகாடியா.

"தோழர், என் புருஷனைச் சாயங்காலம் சுடப் போறாங்களாம். நீங்க பென்சில் சீவிக்கிட்டு இருக்கீங்க!"

அவள் கணவன் கோஸ்மே, சான் ரோக் குன்றின் காவல் படைக்குத் தலைவன். படையாட்களே கை தூக்கித் தேர்ந்தெடுத்த தலைவன். நேற்றுக் காலை அவனும் ஆட்களும் குன்றை விட்டு இறங்கி வந்துவிட்டார்கள். மாலைக்குள் எதிரி அங்கே கொடி நட்டுவிட்டான். கோழைத்தனம் என்று எழுதிய தீர்ப்பு லாரேயாவின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. அவர் நேற்று வெளியூர் போயிருந்தார்.

"அவன் என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறான். 'சுட்டா சுடட்டும் விடு'ங்கிறான். மூஞ்சியைக்கூடக் காட்ட மாட்டேங்கிறான். நேத்து அவனைப் பாத்து யாரோ பேங்க் குமாஸ்தான்னு நினைச்சுட்டேன்! சண்டை முடியிற வரைக்கும் தாடி எடுக்க மாட்டோம்னு ஓட்டுப் போட்ட பயலுக. மொத்தப் பேரும் முட்டை மாதிரி வந்து நிக்கிறானுக."

ஓரமாக நின்றிருந்த லெப்டினன்ட் டெல்மோ துள்ளினான். எதையும் முதலில் கண்டுபிடித்துவிடும் ஆர்வம் அவனுக்கு. சரியாகக் கண்டுபிடிப்பது இரண்டாம்பட்சம்.

"மாறுவேஷம், தோழர்! அடையாளம் தெரியாம ஓடிப்போகத்தான் மழிச்சிருக்கானுக."

"ஓடிப்போறவன் நேரா பிரிகேட் தலைமையகத்துக்கா ஓடி வருவான்?" என்றார் லாரேயா. "நேத்து இங்க என்ன விசேஷம்?"

"பிரமாதமான அணிவகுப்பு! வலென்சியாவுலேர்ந்து ஜெனரல் வந்தார். நாலு பட்டாலியனும் நின்னுச்சு. நான்தான் கொடி பிடிச்சேன். நடுவுல தூரத்துல, குன்றுப் பக்கமா, மரியாதை வேட்டு வேற. ஜெனரல் கை தட்டினார்."

"பயிற்சிக்கே தோட்டா இல்லைங்கிறீங்க. மரியாதைக்கு எங்கேர்ந்து வந்தது?"

டெல்மோ தலையைச் சொறிந்தான்.

ஆலிவ் எண்ணெய் வைக்கும் நிலவறையில் கோஸ்மே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தாடையெங்கும் கத்திக் கீறல்கள். சட்டைக் காலரில் பழுப்பாகக் கறை.

"குன்றுல தண்ணி ஏது, கோஸ்மே?"

"கழுதை கொண்டு வரும். குடிக்கத்தான் காணும்."

லாரேயா குனிந்து காலரை முகர்ந்தார். "அதான் காலைக் காப்பியில மழிச்சீங்களா?"

கோஸ்மே கன்னத்தைக் கையால் மறைத்தான். கழுத்து வரை சிவந்து போனான்.

தலைமையகத்தில் ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் மேஜர் ஃபெராண்டிஸ். மற்றதில் அரசியல் பொறுப்பாளரான கமிஸார் போன்ஸ். இருவரும் ஒப்பாமல் ஓர் உத்தரவும் செல்லாது. பின்னால் சுவரை அடைத்துக்கொண்டு பிரிகேட்டின் அமைப்புப் படம். அதில் கட்டங்களிலிருந்து கட்டங்களுக்கு அம்புக்குறிகள் எல்லாத் திசையிலும் பாய்ந்தன. எதிரி இருந்த திசையில் மட்டும் ஒன்றும் பாயவில்லை.

கோஸ்மேயையும் அங்கே வரவழைத்தார் லாரேயா.

"ஒரு சந்தேகம், தோழர் மேஜர். நேத்து அணிவகுப்புல நின்ன நான்காவது பட்டாலியன் இப்ப எங்க?"

"அது... இயக்கத்துல இருக்கு," என்றார் மேஜர்.

"சமையற்கூடத்துல அதுக்கு அடுப்பு இல்ல. முகாம்ல அதுக்குப் படுக்கை இல்ல. உங்க சுவத்துல மட்டும் அதுக்கு ஒரு கட்டம் இருக்கு, மை இன்னும் பளபளன்னு." லாரேயா குரலை உயர்த்தவில்லை. "நாலு பட்டாலியன் இல்லாட்டி இது பிரிகேட் ஆகாது. பிரிகேட் இல்லாட்டி ரெண்டு நாற்காலியும் இல்ல. ஜெனரல் வர்றார். அக்கம்பக்கத்துக் காவல் படைகள்லேர்ந்தெல்லாம் ஆள் சேர்த்தீங்க. போன்ல உத்தரவு: மழிச்சுக்கிட்டு இறங்கி வாங்க. வேற எந்த உத்தரவுக்குமே குடிக்கிற காப்பியைக் கொட்டி யாரும் தாடி எடுக்க மாட்டான்."

"மாத்து ஆள் அனுப்புறது மேஜர் பொறுப்பு!" என்றார் கமிஸார்.

"கமிஸார் அனுப்பிட்டார்னுல்ல நான் நினைச்சேன்!" என்றார் மேஜர்.

"ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா உத்தரவு. ரெண்டு பேரும் மத்தவர் செய்வார்னு நினைச்சா குன்று போச்சு," என்றார் லாரேயா. "எனக்குப் புரியாதது ஒண்ணுதான். காலியா விட்டுட்டு வந்த குன்றுலேர்ந்து வேட்டுச் சத்தம் எப்படி வந்தது?"

கோஸ்மேதான் பேசினான், தரையைப் பார்த்துக்கொண்டே.

"ஹிலாரியோ. வழக்கம்போல ஓட்டுக்கு விட்டோம். எல்லாரும் கை தூக்கினோம், அவன் மட்டும் தூக்கல. 'ஜெனரலுக்காகத் தாடி எடுக்கவாடா சண்டைக்கு வந்தோம்'னான். 'ஆட்டுக்கிடா, நீ மேலயே மேய்'னு கேலி பண்ணிச் சிரிச்சுக்கிட்டே இறங்கினோம். கீழ நெஞ்சை நிமித்தி நிக்கிறப்ப சத்தம் கேட்டுச்சு. ஜெனரல் கை தட்டினார். அப்புறம் சத்தம் நின்னுபோச்சு. நாங்க அசையல. அசையக் கூடாதுன்னு உத்தரவு."

கொடி பிடித்த டெல்மோ தன் பூட்சையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இவனை விடுங்க," என்றார் லாரேயா. "நடந்ததை எழுதி வலென்சியாவுக்கு அனுப்புவோம்."

"எழுதினா பிரிகேட்டைக் கலைச்சிடுவாங்க," என்றார் மேஜர்.

"குன்று போயிருக்கு. யாரையாவது சுட்டாகணும்," என்றார் கமிஸார். பிறகு படத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "நான்காவது பட்டாலியன் தலைவர் மேஜர் ஹெனாரோ பெலாஸ்கோ! அவர்தான் உத்தரவு போட்டார். துரோகி. தப்பி ஓடிட்டார். கண்ட இடத்துல சுடலாம்னு தீர்ப்பு. உங்க சிக்னல்காரன் பிழைச்சுக்குவான், கேப்டன்."

பெலாஸ்கோ அந்தப் படத்தில் மட்டும் வாழ்ந்தவர். பிரிகேட்டில் அதுவரை ஒரு தப்பும் செய்யாத அதிகாரி அவர் ஒருவர்தான்.

ஜன்னலுக்கு வெளியே சுடும் படை வரிசையில் நிற்க ஆரம்பித்திருந்தது. லாரேயா வாழ்நாளில் பொய் அறிக்கை எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. பேனாவை எடுத்தார். ஜன்னலை ஒருமுறை பார்த்தார்; கையெழுத்தைப் போட்டார்.

மை காய்வதற்குள் கமிஸார் உண்மையான அக்கறையோடு கேட்டார்: "காலியான இடத்துக்கு யாரைப் போடலாம், மேஜர்?"

வாசலில் லெயோகாடியா காத்திருந்தாள். கோஸ்மே இரு கைகளாலும் கன்னத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தான். அவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, அந்தக் கைகளை மெல்ல விலக்கினாள்.

"அட, விடுய்யா. தாடிதானே, வளர்ந்துடும்."

"ஹிலாரியோ மழிக்கவே இல்லடி," என்றான் கோஸ்மே.